ரெஜிலாவுக்குக் காய்ச்சல்

திருவட்டாறுக்கு மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சிறிய சபையில் ஞானதாசன் சார் பிரசங்கச் செய்தி கொடுக்கிறார் என்றால் யாரும் பிந்தி வர மாட்டார்கள். பிந்தி வந்தால் அவர் பேச்சை நிறுத்திவிட்டு, வந்தவர் இடம் பார்த்து உட்காரும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். அந்தப் பார்வை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது.

வேதாகமத்திலிருந்து தலைமைத்துவம் என்று அவர் நடத்தும் வகுப்புக்குச் சுற்றுச் சபைகள் சேர்ந்த சேகரம் முழுவதும் பெயர் உண்டு. எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டிய நெகேமியாவை எடுத்துக்கொண்டு, ஒரு வேலையை எப்படித் திட்டமிடுவது, ஆட்களை எப்படிப் பிரித்து நிறுத்துவது, கேலி பேசுகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று விரல் மடக்கி மடக்கிச் சொல்வார். வாலிபர்கள் குறிப்பெடுப்பார்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று, "நல்ல செய்தி சார்" என்று கைகொடுத்துவிட்டுப் போவார்கள். இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான்.

அவர் மனைவி ரெஜிலா மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். ஞாயிறன்று பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பாடுவாள். அவளுக்குப் பேச வரும் என்று யாருக்கும் தெரியாது. ஞானதாசனுக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மாலை ரசலையன் என்பவர் வீட்டில் மாதாந்திர குடும்பக் கூடுகை. ஞானதாசன்தான் செய்தி. காலையிலேயே தொண்டை கட்டியிருந்தது. மாலையில் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. வீட்டு முற்றத்தில் நாற்காலிகள் நிறைந்து, பாட்டும் தொடங்கிவிட்ட பிறகு, அவர் தன் குறிப்புத் தாளை ரெஜிலாவின் கையில் திணித்து, காதருகே கிசுகிசுத்தார்.

"இத அப்பிடியே வாசிச்சா போதும். கூட ஒண்ணும் சேக்காண்டாம்."

ரெஜிலா எழுந்தாள். யாக்கோபு நிருபத்தின் வசனம். யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள். அதை வாசித்தாள். கீழே கணவர் எழுதியிருந்த முதல் குறிப்பையும் வாசித்தாள். பிறகு தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"போன மாசம் எங்க லேபுக்கு ஒரு அண்ணன் ரெத்தம் குடுக்க வந்தாவ. ஊசிய எடுத்ததும் என்னமோ சொல்ல வந்தாவ. அவியளுக்குப் பொறத்த ஒத்திரி ஆளு வரிசையா காத்து நிக்கியாவ. நான், 'சும்ம இரியுங்க அண்ணே, ஒண்ணும் ஆவாது'ண்ணு சொல்லி ஊசியக் குத்தினேன். அவிய அப்பிடியே சரிஞ்சு விழுந்து நெத்தி பொட்டிப் போச்சு. ரெத்தத்தப் பாத்தா தலசுத்தும்ணுதான் அவிய சொல்ல வந்துது. நான் கேக்கல்ல. எனக்குத் தீவிரம் இருந்துது. ஆனா அது கேக்கதுக்குள்ள தீவிரம் இல்ல."

 அவள் தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள். பிறகு வீட்டுக்குள் நடப்பதைச் சொன்னாள். மகள் பெங்களூரிலிருந்து போன் பண்ணும்போது தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவதை, தான் பேசும்போது வீட்டில் சார் டிவியில் செய்தி பார்ப்பதை. சிரிப்பு எழுந்தது. எல்லோரும் ஞானதாசனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கடைசியில் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நம்ம வீட்ல, நம்ம குடும்பத்துல, யாரோ ஒருத்தர் நம்மகிட்ட என்னமோ சொல்ல வந்து, நாம கேக்காம விட்டிருப்போம். இந்த வாரம் அவியகிட்டப் போயி, என்ன சொல்ல வந்தியண்ணு கேப்போம். அதுக்கு மேல நாம ஒண்ணும் சொல்லாண்டாம்."

கூட்டம் முடிந்தும் ஆட்கள் எழவில்லை. போதகர் ராஜகுமார் சாயா கோப்பையோடு ஞானதாசனிடம் வந்தார்.

"இத்தன நாளா இவியள ஒளிச்சு வச்சிட்டீரே சார்."

ஞானதாசன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பேச முடியாதது அன்று நல்லதாகப் போயிற்று.

வருத்தம் அன்றைக்கு இல்லை. நான்கு நாள் கழித்துத்தான் தொடங்கியது. ரசலையனுக்கும் அவர் தம்பிக்கும் ஒரு வழிப்பாதையின் பேரில் பல வருடமாகப் பேச்சு இல்லை. ஒரே பாதையில் எதிரே வந்தால் ஒருவர் திரும்பி நடந்துவிடுவார். புதன்கிழமை ரசலையன் தம்பியின் வீட்டுக்குப் போய், திண்ணென்று நாற்காலியில் உட்கார்ந்து, "நீ அண்ணைக்கு என்ன சொல்ல வந்த, சொல்லுடே" என்று கேட்டாராம். தம்பி ஒரு மணி நேரம் திட்டினாராம். ரசலையன் வாயைத் திறக்கவில்லையாம். திட்டி முடித்ததும் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்களாம்.

இதைக் கேட்டதும் ஞானதாசன் தன் பழைய குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். ரசலையனை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு பகை மறந்து ஒப்புரவாகுதலைப் பற்றி அவரே மூன்று முறை பேசியிருக்கிறார். ஒருமுறை கிரேக்கச் சொல்லைக்கூட விளக்கினார். மூன்று முறையும் ரசலையன் கைகொடுத்து, "நல்ல செய்தி சார்" என்றுதான் சொன்னார்.

யாரோ ரெஜிலாவின் பேச்சைப் பதிவு செய்து சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அது குழு விட்டுக் குழு போய், பெங்களூரில் நர்சிங் படிக்கும் மகள் அபினாவுக்கே எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. அவள் அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். ஞானதாசன் பள்ளிக்கூடத்தில் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். மறுபடியும் கேட்டார். இரண்டாம் முறை ஓரிடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மீண்டும் கேட்டார். வசனத்தை அவள் 'யாக்கோபு இரண்டாம் அதிகாரம்' என்று சொல்லியிருந்தாள். அது முதல் அதிகாரம். அந்தத் தப்பு கிடைத்ததும் நாள் முழுக்க அவருக்கு உற்சாகமாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் அதைச் சொன்னார்.

"வசனத்துக்க அதிகாரம் மாறிப்போச்சு கேட்டியா. படிச்சவிய கேட்டா ஒரு மாதிரி நெனப்பாவ."

"ஆமா, மாறித்தான் போச்சு. வீட்டுக்கு வந்தப்பதான் எனக்கும் தெரிஞ்சுது." மீன் குழம்பை அவர் தட்டில் ஊற்றினாள். "அடுத்த தடவ பாத்து சொல்லணும்."

அடுத்த தடவை. அந்த வார்த்தை அவருக்குச் சோற்றில் கல்லாகக் கடிபட்டது.

அடுத்த தடவை வந்தது. பிறகு இன்னொன்றும் வந்தது. பக்கத்துச் சபைகளிலிருந்து கூப்பிட்டார்கள். ஞானதாசன் தானாகவே உதவிக்கு வந்தார். ஒரு செய்திக்கு முன்னுரை வேண்டும், மூன்று குறிப்பு வேண்டும், முடிவுரை வேண்டும் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். அவள் வாங்கி, வாசித்து, "கொள்ளாம், நல்லா இருக்கு" என்று சொல்லி, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மேடையில் அவர் எழுதியதில் ஒரு வரிகூட வரவில்லை. வந்திருந்தால் தன் மனம் ஆறியிருக்குமா என்று அவருக்கே தெரியாது.

பெண்கள் ஞாயிறு அன்று சொந்த சபையிலேயே அவளுக்குப் பிரசங்கம். இயேசுவை வீட்டுக்கு அழைத்து விருந்து சமைத்த மார்த்தாளைப் பற்றிப் பேசினாள். மார்த்தாள் சமைத்ததை இயேசு குற்றம் சொல்லவில்லை, மார்த்தாளே, மார்த்தாளே என்று இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டதிலேயே எவ்வளவு பிரியம் இருக்கிறது பாருங்கள் என்றாள். "லூக்கா பதினொண்ணுல இது வருது" என்று அவள் சொன்னதும், கமிட்டி வரிசையிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"பத்து."

அது ஞானதாசனின் குரல். அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஒருவேளை நினைத்திருக்கலாம். ரெஜிலா அவரைப் பார்த்து, "பத்து. நன்றி சார்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். பெண்கள் பக்கமிருந்து பலர் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரமே அவருடைய தலைமைத்துவ வகுப்பு. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். நான்காவது குறிப்பு, ஒரு தலைவன் மற்றவர்களைத் தன்னிலும் மேன்மையானவர்களாக எண்ண வேண்டும் என்பது. பிலிப்பியர் நிருபத்திலிருந்து வசனத்தை மனப்பாடமாகச் சொன்னார். ஸ்மைலின் என்ற இளம் ஆசிரியை கை தூக்கினாள்.

"சார், ஒருத்தர் நம்மளவிட கொறஞ்சவரா இருந்தா மேன்மையா எண்ணிக்கிடலாம், அது எளுப்பம். நெசமாவே அவிய நம்மளவிட நல்லா செய்யும்போ என்ன செய்ய?"

"நல்ல கேள்வி" என்றார் ஞானதாசன். பிறகு ஐந்தாவது குறிப்புக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் போன் வந்தது. திற்பரப்புப் பக்கத்திலுள்ள ஒரு சபையிலிருந்து ரீத்தா என்பவள் பேசினாள். அங்கே பெண்கள் ஐக்கியச் செயலாளர். ஞானதாசனின் எண்தான் அவர்களிடம் இருந்தது. வருகிற ஞாயிறு மதியம் குடும்ப மாநாடு, ரெஜிலாக்காதான் செய்தி கொடுக்க வேண்டும், எல்லாரும் ஆசையாகக் கேட்கிறார்கள், அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள்.

ஞானதாசன் அப்போது வீட்டு வாசலில் நின்றிருந்தார். உள்ளே ரெஜிலா துணி மடக்கிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"அவளுக்கு மேலுக்குச் சொகமில்ல" என்றார்.

"அய்யோ, என்ன சார்?"

"காச்சல்."

"எத்தற நாளாச்சு?"

"ரெண்டு மூணு நாளாட்டு உண்டு."

"இப்பம் எல்லா எடத்துலயும் காச்சல்தான். மூட்டு வலி உண்டுமா சார்? எனக்க மாமிக்கு மூட்டு வலிதான் முதல்ல வந்துது."

"கொஞ்சம் உண்டு."

ஒரு பொய் சொன்னவுடன் அடுத்த பொய்க்கு அவரை அவளே கைபிடித்து நடத்திக்கொண்டு போவது போலிருந்தது. ரீத்தா வருத்தப்பட்டாள். பிறகு அவர் சொன்னார்.

"ஒங்களுக்கு வேற ஆளு கெடைக்கல்லண்ணா, நான் வேணும்ணா வரலாம்."

மறுமுனையில் சத்தமில்லை. கொஞ்ச நேரம்தான். ஆனால் ஞானதாசன் அதை அளந்துவிட்டார்.

"செரி சார். நீங்க வாருங்க. சந்தோஷம்."

ரெஜிலாவிடம், திற்பரப்புப் பக்கம் தன்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னார். அவள் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டதும், "நானும் வரட்டா? இண்ணைக்கு டூட்டி இல்லியே. வாற வழிக்கு அருவியையும் பாத்துட்டு வரலாம்" என்றாள்.

"மழ வருகு. ரோடும் செரியில்ல. நீ ரெஸ்ட் எடு."

அவள் வாசல்வரை வந்து கேட்டைத் திறந்துவிட்டாள். காரின் கண்ணாடியில், அவள் கேட்டைச் சாத்திவிட்டு அங்கேயே நிற்பது தெரிந்தது.

மாநாட்டுக் கூடம் நிறைந்திருந்தது. பெண்கள் பாதிக்கு மேல். மேடையில் ரெஜிலாவின் பெயர் எழுதிய பேனர் தொங்கியது. அதன்மேல் வேறு காகிதம் ஒட்டி அவர் பெயரை எழுதியிருந்தார்கள். பசை காயாமல் ஒரு ஓரம் சுருண்டு, அடியிலிருந்து 'ரெ' எட்டிப் பார்த்தது. பாட்டு முடிந்ததும் அந்தச் சபைப் போதகர் மைக்கைப் பிடித்தார்.

"இன்று நமக்குச் செய்தி கொடுக்க வேண்டிய சகோதரி ரெஜிலா கடுமையான காய்ச்சலில் இருக்கிறார்கள். அந்த நிலையிலும் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு நம்முடைய சார் வந்திருக்கிறார்கள். நாம் எல்லாரும் எழுந்து நின்று சகோதரிக்காக ஜெபிப்போம்."

நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. கூடமே எழுந்து நின்றது. ஞானதாசனும் நின்று கண்ணை மூடினார். போதகர் நீண்ட நேரம் ஜெபித்தார். காய்ச்சலைக் கடிந்துகொண்டார். "அடியாளுடைய மூட்டுகளைத் தொடும் ஆண்டவரே" என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூடத்திலிருந்து ஆமென் வந்தது. மேடையில் நிற்பவர் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. ஞானதாசனும் ஆமென் சொன்னார். சொல்லும்போது, இவ்வளவு பேர் எனக்காக ஒருநாளும் எழுந்து நின்றதில்லையே என்றும் அவருக்குத் தோன்றியது. காய்ச்சலே இல்லாதவளுக்குக் கிடைத்த ஜெபத்தின் மேலும் பொறாமை.

அவர் பேசினார். குடும்பத்தில் தலைமைத்துவம். புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள் என்ற எபேசியர் வசனத்தை எடுத்து மூன்று குறிப்பும் சொன்னார். குரல் நன்றாக இருந்தது. ஒரு அதிகாரமும் மாறவில்லை. பின்வரிசையில் இரண்டு பெண்கள் எழுந்து பிள்ளைகளோடு வெளியே போனார்கள், திரும்பி வரவில்லை. முடிந்ததும் வாசலில் கைகொடுத்தார்கள். எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்.

"அக்காக்கு எப்பம் கொறையும் சார்? கொறஞ்ச பொறவு ஒரு நாளு கூட்டிட்டு வாருங்க."

காரில் ஏறியபோது ரீத்தா ஓடிவந்தாள். ஒரு சீப்பு நேந்திரம்பழமும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொடுத்தாள். "அக்காக்கு காச்சலுக்க சீணம் மாறட்டு" என்றாள்.

வரும் வழியெல்லாம் அந்த பாட்டில் பக்கத்து சீட்டில் உருண்டுகொண்டே வந்தது. அதைக் கீழே தள்ளி, சீட்டுக்கு அடியில் விட்டார். பழத்தை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோனார்.

"அங்க தந்தாவ."

"நல்ல பழமா இருக்கே" என்றாள் ரெஜிலா. சாயங்காலம் அதை அவித்து, சூடாகத் தட்டில் வைத்தாள். "கூட்டம் எப்பிடி இருந்துது?"

"கொள்ளாம்."

பாதிப் பழத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த வாரத்தின் நடுவில் ஒருநாள் ரெஜிலா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"இண்ணைக்கு ரீத்தாண்ணு ஒருத்தி அவளுக்க மாமிக்கு சுகர் பாக்க வந்தா" என்றாள். "என்னயப் பாத்ததும் ஓடிவந்து கையப் பிடிச்சிட்டு, 'அக்கா, காச்சல் கொறஞ்சுதா, மூட்டு வலி போச்சா'ண்ணு கேட்டா."

ஞானதாசன் பேனாவை மூடினார்.

"நான் கொறஞ்சுதுண்ணு சொன்னேன்" என்றாள் ரெஜிலா. "ஹார்லிக்ஸ் குடிச்சியளாண்ணு கேட்டா. குடிச்சேன்னேன். ஒங்களுக்காட்டு ரெண்டு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். இனி சொல்ல மாட்டேன்."

"ரெஜி, நான் சொல்லியத கேளு. ஒரு குடும்பத்துக்குண்ணு ஒரு ஒழுங்கு உண்டு. புருஷன் மனைவிக்குத் தலையா இருக்கணும்ணு வேதத்துல..."

"வசனம் எடுக்காதுங்க." சத்தம் உயரவில்லை. "இப்பம் வசனம் வேண்டாம். என்னத்துக்கு அப்பிடி சொன்னிய? அத மட்டும் சொல்லுங்க."

சொல்வதற்கு நியாயங்கள் இருந்தன. தூரம், மழை, அவளுடைய வேலைப் பளு. ஒவ்வொன்றாக நாக்கு நுனிவரை வந்து நின்றது. கடைசியில் வெளியே வந்தது வேறு.

"ரசலையன்கிட்ட நான் மூணு தடவ சொன்னேன்" என்றார். "மூணு தடவ. அவனுக்காட்டே தயாரிச்சிட்டுப் போயி சொன்னேன். கேக்கல்ல. நீ ஒரு நாளு, அதுவும் எனக்கு சத்தம் போனதுனால எழும்பி நிண்ண. அவன் புதன்கெழம தம்பிக்க வீட்டுக்குப் போறான்." மூடிய பேனாவை மேசைமேல் உருட்டினார். "எனக்கு அது தாங்க முடியல்ல. நீ நல்லா பேசுகது தாங்க முடியல்ல. நீ தப்பா பேசினா சந்தோஷமா இருக்கு."

சொன்ன பிறகு அவளைப் பார்க்க முடியாமல் விடைத்தாளைப் பார்த்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை.

"எனக்கு அது தெரியாதுண்ணு நெனச்சியளா?" என்றாள். "நீங்க 'பத்து'ண்ணு சொன்னப்பவே தெரியும். அதுக்குப் பொறவு ரெண்டு சபையில இருந்து என்னய நேருல கூப்பிட்டாவ. வீட்ல வேலைண்ணு சொல்லி நானே வேண்டாம்ணு விட்டேன். ஒங்களுக்க மொகம் வாடும்ணு."

ஞானதாசன் நிமிர்ந்து பார்த்தார்.

"அது நல்லதுண்ணு நெனச்சுதான் செஞ்சேன். இப்பம் யோசிச்சா அதுவும் பொய்தான். ஒங்களுக்காட்டு நான் என்னயக் கொறச்சுக் கொறச்சு, கடசியில நீங்களும் கொறஞ்சுதானே போனிய."

அவள் எழுந்து உள்ளே போனாள். அடுக்களையில் விளக்கு எரிந்தது, பாத்திரச் சத்தம் கேட்டது. ஞானதாசன் அப்படியே இருந்தார். அவளைவிட மோசமாக அவர் பேசுவது மட்டுமில்லை. மற்றவர்களை மேன்மையானவர்களாக எண்ணும் அந்த நான்காவது குறிப்பையும் அவள் அவருக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அதுவும் சேர்ந்துதான் அவரைக் குத்தியது. அவளுடைய பொறுமையைப் பார்த்தும் அவருக்குப் பொறாமையாக இருந்தது. தனக்குள் இது எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் பயந்தார்.

மறுநாள் பள்ளிக்கூட இடைவேளையில் ரீத்தாவுக்குப் போன் பண்ணினார். எண்ணை அழுத்துவதற்கு முன் என்ன சொல்வதென்று இரண்டு விதமாக யோசித்து வைத்திருந்தார். அவள் "சார்" என்றதும் இரண்டும் மறந்துபோயிற்று.

"ரெஜிலாவுக்குக் காச்சல் ஒண்ணும் இல்ல. இருந்ததும் இல்ல. அவளக் கூப்பிட்டதயே நான் அவகிட்ட சொல்லல்ல. எனக்குப் பேசணும்ணு இருந்துது. அதுக்குப் பொய் சொன்னேன். ஒங்க போதகர் ஐயாகிட்டயும் இத சொல்லணும், நானே கூப்பிட்டு சொல்லுகேன்."



"நாங்க எல்லாரும் எழும்பி நிண்ணு ஜெபிச்சோமே சார்" என்றாள் ரீத்தா.

"ஆமா."

"எனக்க மாமி உபவாசம் இருந்தா."

 பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. மன்னிப்பைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கடைசியில் அவள், "அப்பம் அடுத்த மாசம் அக்கா வருவாவளா?" என்று மட்டும் கேட்டாள்.

"அத நீ அவகிட்டயே கேக்கணும் மக்கா. எண்ணு தாறேன், எழுதிக்க."

ரீத்தாவின் சபைப் போதகரிடமும் சொன்னார். அந்தச் செய்தி எவ்வளவு தூரம் பரவியது என்று அவருக்குத் தெரியாது. சபையில் சிலர் கைகொடுக்கும்போது கண்ணைத் தவிர்த்தார்கள். வாலிபர்களில் சிலர் வகுப்புக்கு வருவதை நிறுத்தினார்கள். ராஜகுமார் ஐயா மட்டும் ஒருநாள் வீட்டுக்கு வந்து, வெகுநேரம் மழையையும் ரப்பர் விலையையும் பற்றிப் பேசிவிட்டு, போகும்போது தோளில் கை வைத்துவிட்டுப் போனார். ரெஜிலா வீட்டில் வழக்கம்போலப் பேசினாள், ஆனால் சிரிப்பு திரும்பி வருவதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அடுத்த மாதம் அவர்தான் காரோட்டினார். மாநாட்டுக் கூடத்தில் அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லி, ஆண்கள் பக்கம் கடைசிக்கு முந்தின வரிசையில் போய் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் அவரை அடையாளம் கண்டு ஒரு நொடி பார்த்துவிட்டு, பாட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினார்.

ரெஜிலா பேச எழுந்தாள். அன்றைக்கு அவளுக்குச் சரியாக வரவில்லை. எங்கேயோ தொடங்கி எங்கேயோ போனாள். ஒரு கதையைப் பாதியில் விட்டு இன்னொன்றை எடுத்தாள். நடுவில் முழுவதும் நின்றுபோனாள். மைக்கில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

அந்த நேரத்தில் ஞானதாசனுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளி எழுந்தது. சின்ன மீன் தண்ணீருக்கு மேலே வருவதுபோல. அவ்வளவு சொல்லியும், அவ்வளவு வெட்கப்பட்டும், அது செத்திருக்கவில்லை. அதை அவர் நேருக்கு நேராகப் பார்த்தார். எழுந்து போய் அவளுக்கு உதவ வேண்டும் என்று கால் பரபரத்தது. ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கலாம், ஒரு பாட்டைத் தொடங்கலாம். எழுந்தால் கூடத்திலுள்ள எல்லாக் கண்ணும் தன் பக்கம் திரும்பும் என்பதும் அதே கணத்தில் தெரிந்தது. அந்த உதவிக்குள்ளும் அவர்தான் இருந்தார்.

அவர் எழவில்லை. தலையைக் குனிந்து, கைகளைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டார். கர்த்தாவே, அவளுக்கு வார்த்தையைக் கொடும் என்று ஜெபித்தார். மேடையில் நின்று ஆயிரம் ஜெபம் சொன்னவர். இப்படி, யாருக்கும் கேட்காமல், தனக்கு வேண்டாததைக் கேட்டு ஜெபித்தது இதுதான் முதல்முறை. ஜெபிக்க மனமில்லாமலேயே, மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னார்.

ரெஜிலா, "எனக்கு இப்பம் சொல்ல வந்தது மறந்துபோச்சு" என்றாள். கூடத்தில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். "செரி, தெரிஞ்சத சொல்லுகேன்" என்று சொல்லி, வேறு எங்கிருந்தோ தொடங்கினாள். மெதுவாகப் பிடி கிடைத்தது. சுமாராகத்தான் முடித்தாள்.

திரும்பும் வழியில் அருவிக்குப் போகும் சாலையில் வண்டிகள் வரிசையாக நின்றன. நனைந்த தலையோடு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் கார்களுக்கு நடுவே நடந்தார்கள். ஞானதாசன் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"எப்பிடி இருந்துது?" என்றாள் ரெஜிலா. "உள்ளத சொல்லுங்க."

"நடுவுல விட்டுப் போச்சு. தொடக்கத்துல ஒரே சமயத்துல ரெண்டு கதைய எடுத்தது தப்பு. கடசிப் பாகம் கொள்ளாம்."

"ம். எனக்கும் அப்பிடித்தான் தோணிச்சு."

ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவள் கேட்டாள்.

"ஒங்களுக்கு அது போயிட்டா?"

எதைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. போய்விட்டது என்று சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

"இல்ல" என்றார். "இண்ணைக்கும் வந்துது. நீ நிண்ணுட்ட பாரு, அப்பம்."

ரெஜிலா ஜன்னல் பக்கம் திரும்பி ஆட்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "செரி" என்றாள். "வாற ஞாயிறு சிதறால் பக்கம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்காவ. போணும்ணு நெனைக்கியேன். வண்டி எடுப்பியளா?"

"எடுக்கேன்."

முன்னாலிருந்த வண்டி நகர்ந்தது. அவர் கியரை மாற்றினார்.